பூநாரைக்கு லொகேஷன் போடலாம், ஆந்தைக்கு ஏன் கூடாது?

மேடவாக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஓராண்டாகப் பறவை பார்க்கிறார். சமீபத்தில் 150–600 லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறார். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பாறைச் சரிவில் கொம்பன் ஆந்தை இரண்டு குஞ்சுகளோடு இருப்பதைப் பார்த்து, படம் எடுத்து, கூகுள் மேப் லொகேஷனோடு ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பத்து நிமிடத்தில் மூன்று பேர் திட்டிவிட்டார்கள். பதிவை நீக்கிவிட்டார், ஆனால் மனசு ஆறவில்லை. "பள்ளிக்கரணைப் பூநாரைக்குத் தினமும் லொகேஷன் போடுகிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு மட்டும் ஏன்?" என்பது முதல் கேள்வி. பார்த்ததை எங்கே, எப்படிப் பகிர்ந்தால் உருப்படியாக இருக்கும் என்பது இரண்டாவது. பெரும்பாக்கம் ஏரிக்கரையில் எடுத்த ஒரு பறவைப் படத்தை அனுப்பி, இது என்ன என்பது மூன்றாவது.

முதலில், திட்டியது தப்பு. தனியாக ஒரு செய்தி அனுப்பி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் சொன்ன விஷயம் சரி. அதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், ஒரு மே மாதம். தென்சென்னைப் பக்கம் வற்றிக்கொண்டிருந்த ஓர் ஏரி. (பெயர் வேண்டாம், இன்னும் அங்கே கூடு வைக்கின்றன.) காய்ந்த சேற்றில் நெடுங்கால் உள்ளான் ஒன்று உட்கார்ந்திருந்தது. கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, குச்சி குச்சியாகச் சிவப்புக் கால். அது எழுந்தபோது கீழே நான்கு முட்டை. படம் எடுத்தேன். அப்போது குழுவெல்லாம் சின்னது, நாற்பது ஐம்பது பேர் இருப்போம். நம்ம ஆட்கள்தானே என்று, எந்தக் கரையில் நின்றால் தெரியும் என்பது வரை எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போனால், எனக்கு முன்பே எட்டு ஒன்பது பேர் முக்காலியோடு நிற்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. சத்தம்கூடப் போடவில்லை. ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் நின்றார்கள். ஆனால் ஒருவர் போக ஒருவர் வர, தாய்ப்பறவை முக்கால் மணி நேரம் கூட்டுக்கு வரவில்லை. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது.

இந்தப் பறவை வெயில் காலத்தில் என்ன செய்யும் தெரியுமா? தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காரும். நம்மூர் மே வெயிலில் முட்டைக்குச் சூடு தேவையில்லை, குளிர்ச்சிதான் தேவை. ஆள்காட்டியும் இதையே செய்யும். அந்த முக்கால் மணி நேரம் முட்டை வெறும் வெயிலில் கிடந்தது. அதோடு, பறவை எங்கே சுற்றிக் கத்துகிறது என்பதைக் காக்கைகள் பார்த்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு இரண்டு காக்கைகள் வந்து பக்கத்து வரப்பில் உட்கார்ந்தன. நான் எல்லாரையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். புதன்கிழமை போய்த் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். அந்த இடத்தில் எதுவும் இல்லை. காக்கைதான் எடுத்தது என்று சாட்சி சொல்ல முடியாது. ஆனால் நான் அந்த நான்கு வரியை எழுதாமல் இருந்திருந்தால் அந்த ஞாயிறு அங்கே கூட்டம் இருந்திருக்காது. அதற்கு நானே சாட்சி.

இப்போது உங்கள் ஆந்தைக்கு வருகிறேன். அதில் மேலே சொன்னது தவிர இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆந்தையைப் பிடித்து விற்கிறார்கள். பில்லி சூனியத்துக்கு, பூஜைக்கு, மருந்துக்கு என்று. வன உயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2010-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் உள்ள சுமார் 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் உள்ளூர்ச் சந்தையில் விற்கப்படுவதாக அதில் பதிவாகியிருக்கிறது. அதிலும் தலையில் கொம்பு மாதிரி இறகு உள்ள பெரிய ஆந்தைகளுக்குச் 'சக்தி' அதிகம் என்ற நம்பிக்கையால் கிராக்கியும் அதிகம். நீங்கள் படம் எடுத்தது சரியாக அந்த வகை. கொம்பன் ஆந்தை பாறை இடுக்கில், மண் சரிவில், கைக்கெட்டும் உயரத்தில் முட்டை வைக்கும். குஞ்சு பறக்கத் தொடங்குவதற்கு முன்பே தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிவிடும். பிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான பறவை வேண்டுமா?

இருநூறு பேர் உள்ள குழுவில் திருடன் ஒருவன் இருப்பான் என்று நான் சொல்லவில்லை. இருநூறு பேரில் யாரோ ஒருவர் ஆர்வமாகத் தன் மச்சானுக்கு அனுப்புவார், மச்சான் அலுவலகக் குழுவில் போடுவார். மாலைக்குள் அந்த லொகேஷன் எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் நீக்கியது உங்கள் குழுவிலிருந்து மட்டும்தான்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பது ஆகியவையும் அடங்கும். துப்பாக்கி தேவையில்லை, கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கிளையை ஒதுக்கிப் படம் எடுப்பதே அதற்குள் வந்துவிடக்கூடும். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

சரி, பூநாரைக்கு மட்டும் ஏன் பரவாயில்லை? பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரை (ஃபிளமிங்கோ) கூடு வைப்பதில்லை. சாப்பிட வருகிறது. நம் நாட்டில் அதன் பெரிய இனப்பெருக்க இடம் குஜராத்தின் கட்ச் பாலைநிலம். இங்கே தண்ணீர் மட்டம் இறங்கி ஆழம் குறைந்ததும் கூட்டமாக வந்து, சதுப்பின் நடுவில் நிற்கும். துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலையில் பஸ்ஸில் போகிறவருக்கே தெரியும். சாலைக்கும் அதற்கும் நடுவே தண்ணீரும் சேறும். நீங்கள் லொகேஷன் போட்டதால் கூடுதலாக நூறு பேர் வந்தாலும் அவர்கள் நிற்கப்போவது சாலை ஓரத்தில். பறவைக்கு ஒன்றும் ஆகாது, டிராஃபிக் போலீஸுக்குத்தான் கொஞ்சம் தலைவலி. இன்னொன்றும் உண்டு. இந்தச் சதுப்பு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, சுற்றிலும் கட்டடம். இப்படிப்பட்ட இடத்துக்கு நிறைய மனிதர்கள் வந்து பறவை பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதும் நல்லதே. யாரும் பார்க்காத சதுப்பைத் தரிசு என்று எழுதிவைத்துவிடுவது சுலபம்.

எனவே நான் இப்போதெல்லாம் அனுப்பு பொத்தானை அழுத்துவதற்கு முன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நாளைக் காலை இந்த இடத்துக்கு இருபது பேர் வந்தால் இந்தப் பறவை தாங்குமா? கூழைக்கடா தாங்கும், ஊசிவால் வாத்துக் கூட்டம் தாங்கும், வேடந்தாங்கலில் மரம் முழுக்க உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரை தாங்கும். அங்கே கூடுதான் வைக்கிறது, ஆனாலும் நாம் நிற்பது கரையில், அது இருப்பது நீர் நடுவில். அந்த ஊர்க்காரர்கள் 1798-லேயே அப்போதைய கலெக்டரிடம் சொல்லிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுத்தில் வாங்கியவர்கள் என்பதால், கூட்டத்தைச் சமாளிப்பது அவர்களுக்குப் புதிதல்ல. தனியார் தோப்பில் கூடு கட்டியிருக்கும் அரசவால் ஈப்பிடிப்பான் தாங்காது. பகலில் ஒரே கிளையில் தூங்கும் ஆந்தை தாங்காது, அது கூடாக இல்லாவிட்டாலும்.

நடுவில் நிற்கும் பறவைகள்தான் சிக்கல். ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு, மாலை ஆறு என்று கூவுவதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை, நீலம், மஞ்சள், வயிற்றில் சிவப்பு என்று பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் நிறம். வடக்கே மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் இரவில் பறந்து தெற்கே வரும். களைத்துப்போய் சென்னையில் மொட்டை மாடியிலும், அடுக்குமாடிப் படிக்கட்டிலும் விழுந்து கிடக்கும். ஒவ்வொரு அக்டோபரிலும் யாராவது ஒருவர், "எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பின்னால் ஒரு கலர் கிளி" என்று படம் அனுப்புவார். கிளி இல்லை, இதுதான். (ஓர் அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்தோடு இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிட்டால் பெரும்பாலும் போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.) இதைப் பகிரலாமா? பறவை விடுபட்ட பிறகு தாராளமாகப் பகிரலாம், ஏரியா பெயரோடு. ஆனால் நகருக்குள் ஏதாவது ஒரு தோட்டத்தில் தங்கிக் குளிர்காலம் முழுக்க ஒரே புதரடியில் இலை புரட்டிக்கொண்டிருக்கிறது என்றால், வளாகத்தின் பெயர் மட்டும் போதும், புதரின் அடையாளம் வேண்டாம். ஏனென்றால் அடுத்து வருகிறவர் போனில் அதன் குரலை ஓட்டுவார். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது வெளியே வந்து நிற்கும். படம் அருமையாக வரும். ஒருவர் செய்தால் பரவாயில்லை, தினமும் பத்துப் பேர் செய்தால் அது எப்போது சாப்பிடும்?

அப்புறம், அனுமதி கேட்டு நுழைகிற வளாகங்கள். அடையாறு தியசாஃபிகல் சொசைட்டி, கல்லூரி வளாகங்கள் போன்றவை. அங்கே அபூர்வமான ஒன்றைப் பார்த்துவிட்டு லொகேஷன் போட்டால், வாசலில் கேமராவோடு கூட்டம் நிற்கும், காவலாளி பதில் சொல்லி அலுத்துப்போவார், அடுத்த வாரம் வழக்கமாகப் போகிறவர்களுக்கும் கதவு மூடும். அங்கே பகிர்வதற்கு முன் உள்ளே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

இனி இரண்டாவது கேள்வி. வாட்ஸ்அப்பில் போட்டால் உடனே பதில் வரும், நாலு பேர் பாராட்டுவார்கள், அடுத்த நாள் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துபோகும். இன்ஸ்டாகிராமில் அழகான படம் மேலே போகும், மற்றது போகாது. இருபது வருடமாகப் பறவை பார்ப்பவர்களோடு பழகிக்கொள்ள 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் நடைப்பயணங்கள் நல்ல வழி. நான் கற்றதில் பாதி அப்படிக் கூட நடந்து கற்றதுதான். இவை எல்லாமே தேவைதான். ஆனால் பத்து வருடம் கழித்து ஒருவர், "பெரும்பாக்கம் ஏரியில் அப்போது என்னென்ன வந்தது?" என்று கேட்டால் பதில் கிடைக்க வேண்டும் என்றால், ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்.

ஈபேர்ட் 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கியது. இலவசம். அதில் படத்தைவிடப் பட்டியல்தான் முக்கியம். ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, குறைந்தது பதினைந்து நிமிடம், பார்த்த, கேட்ட, உங்களுக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு போடுங்கள். காக்கையும் உண்டு, மைனாவும் உண்டு, புறாவும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். "காக்கையைப் போய் யார் எழுதுவார்கள்?" என்று விட்டுவிடுவார்கள். எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவை இல்லை என்றால், அன்று அங்கே அது தென்படவில்லை என்று அர்த்தம். அபூர்வமானதை மட்டும் எழுதிய பட்டியலில் எதற்கும் அர்த்தம் கிடையாது.

இப்படி வந்த பட்டியல்களை வைத்துத்தான் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையைத் தயாரிக்கிறார்கள். 2023 அறிக்கைக்கு 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகள் பயன்பட்டன. 942 இனங்களை மதிப்பிட்டார்கள். அதற்கு முந்தைய 2020 அறிக்கையில் எனக்குப் பிடித்த செய்தி சிட்டுக்குருவியைப் பற்றியது. செல்போன் டவரால் குருவி அழிந்துவிட்டது என்று வருடா வருடம் மார்ச் மாதம் ஃபார்வர்ட் வருமே, அதற்கு நேரெதிராக, நாடு முழுக்கப் பார்த்தால் குருவி ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் மெல்லக் குறைந்து வருகிறது என்று அந்தப் பட்டியல்கள் காட்டின. குருவியை யாரும் 600 எம்எம் லென்ஸில் எடுத்துப் போடுவதில்லை. "குருவி 6" என்று சலிக்காமல் எழுதியவர்களால்தான் இது தெரிந்தது.

தொடங்குவதற்கு நல்ல சாக்கு வேண்டுமென்றால், 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கரும்பு கடித்துக்கொண்டே மொட்டை மாடியில் கால் மணி நேரம் நின்றால் போதும்.

ஈபேர்டிலும் இடம் வெளியே தெரியும் என்பதை மறக்காதீர்கள். ஆபத்தான நிலையில் உள்ள சில பறவைகளின் சரியான இடத்தை அது தானாகவே மறைத்துக் காட்டும். ஆனால் அந்தப் பட்டியலில் எல்லாப் பறவையும் இல்லை. உங்கள் ஆந்தையைப் பதிவு செய்ய வேண்டும் என்றால், குஞ்சுகள் பறந்துபோன பிறகு, சில வாரம் கழித்து, பார்த்த தேதியைச் சரியாகப் போட்டு, பக்கத்தில் உள்ள பெரிய ஏரியா பெயரில் பதிவு செய்யுங்கள். குறிப்பில் பாறை, சரிவு என்று எதுவும் எழுத வேண்டாம். தாமதமாக வந்த பதிவால் அறிவியலுக்கு நஷ்டமில்லை. அதேபோல் வீட்டு மாடியில் பார்க்கிறவர்கள் உங்கள் வீட்டு வாசலிலேயே புள்ளி வைக்காதீர்கள், தெருமுனையில் வையுங்கள். தனியாகப் போகிற பெண்களுக்கு நான் எப்போதும் சொல்வது, அங்கிருந்து கிளம்பிய பிறகே பதிவு போடுங்கள் என்பது. பறவைக்கு இருக்கிற உரிமை நமக்கும் உண்டு.

போன் படங்களில் இன்னொரு பொறி. லொகேஷன் வசதி திறந்திருந்தால் படத்துக்குள்ளேயே இடத்தின் எண்கள் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். "குவாலிட்டி குறையக் கூடாது" என்று டாக்குமென்டாக அனுப்பினால் உதிராது. இடத்தை எழுதாமல் விட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள், படம் சொல்லிக்கொண்டிருக்கும். கேமராவின் கடிகாரத்தையும் பாருங்கள். என் பழைய கேமராவில் பேட்டரி மாற்றியதும் தேதி ஜனவரி 1-க்குப் போய்விடும். ஒரு முறை ஏப்ரல் கடைசியில் எடுத்த தட்டைவாயன் படத்தை ஜனவரி என்று பதிவு செய்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் இன்னும் கிளம்பாத ஒரு வலசை வாத்து என்பதுதான் அந்தப் படத்திலேயே சுவாரசியமான விஷயம்!

குழுவில் எழுதும்போது எப்படி எழுதுவது? பெரும்பாலான பதிவு இப்படி இருக்கும்: "இன்றைய கிளிக். எப்படி இருக்கு நண்பர்களே?" இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "பள்ளிக்கரணை, 200 அடி சாலைப் பக்கம். ஞாயிறு காலை 6.40 முதல் 7.15 வரை. ஊசிவால் வாத்து சுமார் 200, தட்டைவாயன் 40, நாமக்கோழி எண்ணவில்லை. சேற்றுப் பூனைப்பருந்து 1, இரண்டு தடவை தாழப் பறந்து வாத்துகளைக் கிளப்பியது. தண்ணீர் போன வாரத்தைவிடக் குறைவு." படமே இல்லாவிட்டாலும் இதைப் படித்தவர் நாளைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார். எண்ணத் தெரியவில்லை என்றால் பத்துப் பத்தாகக் கண்ணால் வெட்டி எண்ணுங்கள். தப்பானாலும் பரவாயில்லை, 'நிறைய' என்பதைவிட 'சுமார் 150' மேல்.

படத்தைத் திருத்துவது பற்றி. வெளிச்சம் கூட்டுங்கள், வெட்டுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இப்போது வரும் மென்பொருள்கள் மங்கலான படத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று இல்லாத இறகை வரைந்துவிடுகின்றன. கோவளம் முகத்துவாரத்தில் எடுத்த ஓர் ஆலாவின் படத்தைப் பார்த்தேன், அலகு நுனியில் கறுப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வியே, மென்பொருள் அழகாக வழித்து ஒரே ஆரஞ்சாக்கி வைத்திருந்தது. அடையாளம் கேட்பதற்கு அனுப்பும் படம் கேமராவில் வந்தபடியே இருக்கட்டும். அழகுபடுத்தியதை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கரையோரப் பறவைகளின் காலைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். வளையமோ, எழுத்து பொறித்த சின்னக் கொடியோ இருக்கலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. வெளிநாடுகளிலும் மாட்டுகிறார்கள். கொடியின் நிறத்தை வைத்தே எந்த இடத்தில் மாட்டியது என்று கண்டுபிடிப்பார்கள். எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து அந்தக் கழகத்துக்கு எழுதினால், உங்கள் ஒரு படம் ஒரு பறவையின் பயணக் கதையில் சேரும். நகரத்து ஃபோட்டோகிராபர்களிடம் நல்ல லென்ஸ் இருப்பதால் கிடைக்கும் மிகப் பெரிய பலன் இது என்பது என் கருத்து.

பெயர் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். புதிதில் நான் சங்குவளை நாரையைப் பார்த்துச் 'செங்கால் நாரை' என்று மூன்று மாதம் எழுதியிருக்கிறேன். ஒரு பெரியவர் திருத்தினார், அதுவும் எப்படி? "தம்பி, இறக்கையில் ரோஸ் கலர் இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. நான் பார்த்திருந்தும் எழுதவில்லை. தெரியாவிட்டால் பெயரை விட்டுவிட்டு, பார்த்ததை எழுதுங்கள். மெர்லின் செயலி சொன்ன பெயரை அப்படியே போடுவதானால், "மெர்லின் சொன்னது, நான் பார்க்கவில்லை" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது குரலைக் கேட்டுச் சொல்வதில் கெட்டிதான், ஆனால் கரிச்சான் வல்லூறு மாதிரி கத்திக் காட்டினால் அதுவும் ஏமாறும், நானும் ஏமாறுவேன்.

மற்றவர் படத்தை எடுத்துப் போடும்போது எடுத்தவர் பெயரைச் சொல்லுங்கள். இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் பெரும்பாக்கம் பறவை. காலை நேரம், கரையோரச் சேறு, புறாவைவிடச் சின்னது, பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வெள்ளையை வைத்துச் சாதாரண உள்ளானைக் கழித்துவிடலாம், அதற்கு அங்கே வெள்ளை கிடையாது. மிச்சம் இரண்டு: பொறி உள்ளான், அதாவது வுட் சாண்ட்பைப்பர், அல்லது கிரீன் சாண்ட்பைப்பர். இரண்டும் குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வரும். உங்கள் படத்தில் கால் சேற்றில் புதைந்திருப்பதால் நிறம் தெரியவில்லை. புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போவதுபோல் இருக்கிறது, முதுகில் புள்ளிகளும் தாராளமாக இருக்கின்றன, அதனால் பொறி உள்ளான் பக்கம் சாய்கிறேன். ஆனால் எதிர்வெயிலில் எடுத்த படம், அடித்துச் சொல்ல மாட்டேன்.

முடிவு செய்ய நம்பகமான வழி இறக்கையின் அடிப்பக்கம். பொறி உள்ளானுக்கு வெளிறிய சாம்பல், மற்றதற்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. பறக்கும்போது எடுத்த படம் ஒன்று இருந்ததாகவும், மங்கலாக இருந்ததால் அனுப்பவில்லை என்றும் எழுதியிருந்தீர்களே, அழிக்கவில்லை என்றால் அதை அனுப்புங்கள். டாக்குமென்டாகவே அனுப்பலாம், பெரும்பாக்கம் ஏரி எல்லாருக்கும் தெரிந்த இடம்தான்.